ஓடுகிற போர்க்கப்பலின் பெயரை மாற்றலாமா?

கடற்காகம்:
அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் 'ஹார்வி மில்க்' 2025 ஜூனில் 'ஆஸ்கர் வி. பீட்டர்சன்' ஆகிவிட்டது. மில்க் அதே கடற்படையில் இருந்தவர், தன்பாலின ஈர்ப்பாளர் என்பதால் 1955இல் வெளியேற வேண்டி வந்தது, அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் தேர்தலில் ஜெயித்து 1978இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கப்பல் பெயர்களிலிருந்து அரசியலை எடுக்கிறோம் என்று பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத் விளக்கம் வேறு சொன்னார். எடுத்ததே அரசியல்தானே? சேவையில் இருக்கும் கப்பலின் பெயரில் யாரும் கைவைக்கக் கூடாது.

நங்கூரம்:
யாருமா? 2023இல் 'சான்சலர்ஸ்வில்' முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு 'ராபர்ட் ஸ்மால்ஸ்' ஆனதே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்? பீட்டர்சன் ஒன்றும் சும்மா ஆள் இல்லை. 1942இல் ஜப்பானோடு நடந்த பவளக் கடல் சண்டையில் 'நியோஷோ' என்ற எரிபொருள் கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது, உடம்பெல்லாம் வெந்த நிலையில் போய் நீராவி வால்வுகளை மூடிவிட்டுச் செத்தவர்.

கடற்காகம்:
பீட்டர்சனை யார் குறை சொன்னது? 1943லேயே அவர் பெயரில் ஒரு கப்பல் வந்தாயிற்று. இன்னொன்று வேண்டுமென்றால் புதிதாகக் கட்டும் கப்பலுக்கு வைக்கட்டும், ஒருத்தர் பெயரை அழித்துத்தான் இன்னொருத்தரைக் கௌரவிக்க வேண்டுமா.

தூண்டில்முள்:
சான்சலர்ஸ்வில்லை இதோடு சேர்க்காதீர்கள். அது 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்குத் தரப்பு ஜெயித்த சண்டை. அந்தச் சண்டையில் தோற்ற அமெரிக்காவின் கடற்படையே அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைத்து, அதிகாரிகள் சாப்பிடும் அறையில் எதிரித் தளபதிகள் லீ, ஜாக்சன் ஓவியத்தையும் மாட்டி வைத்திருந்தது! ஸ்மால்ஸ் யார்? சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமை மாலுமி. 1862 மே மாதம் ஒரு ராத்திரி, வெள்ளை அதிகாரிகள் கரைக்குப் போன நேரம் பார்த்து, கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளைத் தாண்டும்போது சரியான சங்கேத விசிலை அடித்து, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 'பிளான்டர்' கப்பலை அப்படியே வடக்குப் படையிடம் ஓட்டிப்போனவர். இந்த மாற்றமும் தப்பா?

நங்கூரம்:
ஆக, உங்களுக்குப் பிடித்த மாற்றம் நியாயம், பிடிக்காதது அரசியல். மாற்றாத கடற்படை எது? ஜெர்மனி என்றே பொருள்படும் 'டாய்ச்லாண்ட்' மூழ்கினால் நாட்டுக்கே அவமானம் என்று ஹிட்லர் அதை 'லுட்சோ' ஆக்கினார். ரஷ்யாவில் மாலுமிகள் கலகம் செய்த 'பொட்டெம்கின்', 'பான்டெலெய்மோன்' ஆனது. முசோலினி விழுந்ததும், பாசிசச் சின்னத்தைக் குறிக்கும் 'லிட்டோரியோ', 'இத்தாலியா' ஆகிவிட்டது. ரஷ்யாவின் விமானந்தாங்கி 'ரீகா', 'லியோனிட் பிரெஷ்னெவ்', 'திபிலிசி' எல்லாம் முடிந்துதான் 'அட்மிரல் குஸ்னெத்சோவ்' ஆனது. 

கடற்காகம்:
நல்ல பட்டியல். கலகத்தில் ஆடிப்போன ஜார், விழுந்த முசோலினி, உடைந்துகொண்டிருந்த சோவியத். பயந்துபோன அரசுகள்தான் பெயரைச் சுரண்டும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

நங்கூரம்:
பிரிட்டன் எதற்குப் பயந்தது? கட்டிக்கொண்டிருந்த 'அஜின்கோர்ட்' (1415இல் பிரான்ஸை இங்கிலாந்து தோற்கடித்த இடம்) நீர்மூழ்கியை 2025 ஜனவரியில் 'அக்கிலீஸ்' ஆக்கினார்கள். பிரான்ஸ் மனம் கோணக் கூடாது என்றுதான் என்று அங்கே பலர் கொதித்தார்கள்.

கடற்காகம்:
இன்னும் சேவைக்கே வராத கப்பல் அது. அமெரிக்காவும் 1942 மிட்வே சண்டையில் மூழ்கிய 'யார்க்டவுன்' பெயரை, கட்டுமானத்தில் இருந்த விமானந்தாங்கிக்குத்தான் மாற்றி வைத்தது. அது வேறு.

பாய்மரம்:
மனிதர் பெயரே வேண்டாம், ஊர்ப் பெயர் வையுங்கள், வம்பே வராது. இந்தியாவில் பாருங்கள்: டெல்லி, கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம். வாங்கிய கப்பலுக்குக்கூட அப்படித்தான், 1939இல் தென் அமெரிக்கா அருகே ரிவர் பிளேட்டில் ஜெர்மன் கப்பலோடு சண்டை போட்ட பழைய 'அக்கிலீஸ்' 1948இல் இங்கே வந்து 'டெல்லி' ஆனது.

தூண்டில்முள்:
ஊர்ப் பெயரில் அரசியல் இல்லையா? 'இம்பால்' வந்தபோது வடகிழக்கு நகரத்தின் பெயர் தாங்கிய முதல் போர்க்கப்பல் என்று அரசே பெருமையாகச் சொன்னது. தப்பில்லை, ஆனால் அரசியல்தான். அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு மீன் பெயர் போய் நகரப் பெயர் வந்ததற்கு, அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தை நடத்திய அட்மிரல் ரிக்கோவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: மீனுக்கு ஓட்டு இல்லை.

நங்கூரம்:
இதை முன்னாடியே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க வேண்டாம்.

கடற்காகம்:
சரி, ஒரு கேள்வி. 2025 ஜனவரியில், பதவியை விட்டுப் போகிற நேரத்தில், பைடன் இரண்டு விமானந்தாங்கிகளுக்குக் கிளின்டன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் என்று அறிவித்தார். இருவரும் உயிரோடு இருப்பவர்கள், கப்பல்கள் இன்னும் கட்டப்படவில்லை. சேவைக்கு வருவதற்குள் எத்தனை அதிபர்கள் வருவார்களோ. கிளின்டன் பெயர் தங்குமா?

நங்கூரம்:
தங்காது. உங்கள் விதிப்படியே மாற்றலாம், இன்னும் சேவைக்கு வரவில்லையே!