எழுத்தாளர் கதைவசனப் பிரதி தராமல் விட்டால் எங்கட நாள் சம்பளம் என்ன ஆகும்?

வெள்ளவத்தை கன்டினியூட்டி:
கொழும்பில தமிழ் நாடகங்களுக்கு கன்டினியூட்டி பார்க்கிறன், நாள் சம்பளத்துக்கு; ஒரு ஷொட்டில இருந்த உடுப்பும் சாமானும் அடுத்ததிலயும் அப்பிடியே இருக்கோ எண்டு கவனிக்கிற வேலை. போன மாதம் தெஹிவளையில ஒரு வீட்டில படப்பிடிப்பு. ஒன்பது எபிசோட்டுக்குக் காசு வரேல்லை எண்டு எழுத்தாளர் பத்தாவது பிரதியைத் தரேல்லை. ஆறு நாள் வேலை நிண்டு போச்சு. லைற் பெடியள் சிங்கள நாடகமொண்டுக்குப் போய்ச் சமாளிச்சிட்டாங்கள். எனக்கும் மேக்கப் அக்காவுக்கும் அந்த வழியும் இல்லை. எல்லாரும் எழுத்தாளரைத்தான் திட்டினது. நானும் திட்டினன். வீட்ட வந்தாப் பிறகு மனசு கேக்கேல்லை, அவர் கேட்டது செய்த வேலைக்குக் காசுதானே. 2023இல அமெரிக்காவில எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தவை. அங்க எங்களை மாதிரி ஆக்கள் எப்பிடிச் சீவிச்சவை? எழுத்தாளரோட கோவிச்சவையா?

பழைய லைற்காரன்:
தங்கச்சி, அந்த வருசம் நான் ரொறன்ரோவில ஒரு அமெரிக்கத் தொடருக்கு லைற் பிடிச்சுக்கொண்டிருந்தனான். இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கிறன்.

மே 2 வேலைநிறுத்தம் தொடங்கினது. அண்டிரவே அமெரிக்காவின்ர இரவுநேரப் பேச்சு நிகழ்ச்சிகள் நிண்டிட்டுது, அதுகளுக்கு அண்டண்டைக்கு எழுத வேணும். எங்கட தொடருக்குப் பிரதி கையில இருந்தது, அதால கொஞ்ச நாள் ஓடிச்சுது. ஆனா ஒரு சொல்லை மாத்த ஆளில்லை. மழை வந்து வெளிக்காட்சியை வீட்டுக்குள்ள எடுக்க வேண்டி வந்தால், "வெளியில பார்" எண்ட வசனத்தை ஆர் திருத்துறது? எழுத்தாளர் செட்டில என்னத்துக்கு நிக்கிறார் எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. நியூயோர்க்கில எழுத்தாளர்கள் வாசலில நிண்டு செய்த மறியல் போராட்டத்தைத் தாண்டி லொறி ஓட்டமாட்டம் எண்டு சாரதிகள் நிண்டதால எத்தினையோ படப்பிடிப்பு ரத்தானது. யூலை 14 நடிகர்களும் இறங்க, எங்கடையும் முழுசா நிண்டுது. அவையின்ரது 118 நாள்.

கனடா எழுத்தாளர் சங்கம் வேற, அவை வேலைநிறுத்தத்தில இல்லை. அதால கனடாத் தொடர்கள் நடந்தது. ஆனா அங்க ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் நிண்டாங்கள். நான் சுயதொழில் எண்டு பதிஞ்சிருந்தபடியால் வேலையில்லாக் காப்புறுதியும் கிடைக்கேல்லை. ஸ்காபரோவில மச்சானின்ர கடையில மரக்கறிப் பெட்டி இறக்கினன். லொஸ் ஏஞ்சல்ஸ் ஆக்களுக்கு இன்னும் கஷ்டம்: ஆறு மாதத்தில 400 மணித்தியாலம் வேலை காட்டினால்தான் மருத்துவக் காப்புறுதி தொடரும்.

கோவம் வந்தது, பொய் சொல்லேல்லை. ஆனா அவை கேட்டதைப் பார். ஒரு தொடருக்கு ஆகக்குறைஞ்சது இத்தினை எழுத்தாளர் வேணும், செயற்கை நுண்ணறிவு எழுதினதை எழுத்தாளரின்ர வேலையா எண்ணக்கூடாது. அதுகளை வாங்கியும் விட்டினம். 2024இல அமெரிக்காவில எங்கட தொழில்நுட்பச் சங்கம் சம்பளம் பேசப் போகேக்க கம்பனிகளுக்கு அந்த 148 நாள் மறக்கேல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். வேலைநிறுத்தம் இல்லாமலே மூண்டு வருசத்துக்கு 7, 4, 3.5 வீதம் சம்பள உயர்வு கிடைச்சது.

பம்பலப்பிட்டி பிரதி:
நான் எழுதுற ஆள். எங்களுக்கு இஞ்ச அப்பிடியொரு பலமான சங்கம் இல்லை. தனி ஆளா நிப்பாட்டினால் அடுத்த கிழமை வேற ஆளை வைப்பினம். அவர் துணிஞ்சிட்டார். தங்கச்சி, திட்டினதை விடு, அவரோட ஒருக்கா கதை.

வெள்ளவத்தை கன்டினியூட்டி:
கதைச்சிட்டன் அக்கா. பின்னேரம் போன் எடுத்தன். அவருக்கு எங்கட ஆறு நாள் போனதே தெரியாது, தயாரிப்பாளர் "லொகேஷன் பிரச்சினை" எண்டு சொன்னவராம். அடுத்த முறை நிப்பாட்ட முதல் எங்களுக்குச் சொல்லுறன் எண்டார். நானும் மேக்கப் அக்காவும் ஒரு தாளில எழுதியிருக்கிறம்: முதல் நாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு ரத்துச் செய்தால் அரை நாள் சம்பளம். லைற் பெடியளும் கையெழுத்து வைக்கச் சம்மதம், அதால சிங்களத்திலயும் எழுத வேணும். அண்ணா, ரொறன்ரோவில அப்பிடி ரத்துக்காசு தந்தவையா? எத்தினை மணித்தியாலம் முதல் சொல்ல வேணும் எண்டு இருந்தது?