மறுமொழி: காக்கா ஆழி நிதி – தருகிறேன், பொக்லைனுக்கு இல்லை

பெரியப்பாவுக்கும் அண்ணன், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஆற்றில் பரவிவிட்ட காக்கா ஆழி என்ற மட்டியைப் பொக்லைன் வைத்து அள்ள, வீட்டுக்கு வீடு 100 டாலர் கேட்டு வந்த மடலுக்கு என் பதில் இது. தருகிறேன். பொக்லைன் வாடகைக்குத் தரமாட்டேன்.

பொங்கலுக்குப் போன சின்ன அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்தீர்களா? நம் ஊர்க் கொசஸ்தலை ஆற்றில் அம்மா பறியை, அந்த இறால் கூடையை, பல்லில் கடித்தபடி இறால் தடவிய அதே இடம். தார் ஊற்றியதுபோல் ஆழி மூடிக் கிடக்கிறது. சேறு இல்லாமல் இறால் எங்கே புதையும், எங்கே மேயும்? மஞ்சள் மட்டியையும் காணோம். அம்மாவின் உள்ளங்கைப் படமும் வந்தது. ஆழி ஓடு கிழித்த ஏழு வெட்டு, எண்ணினேன்.

மஸ்கட் அண்ணா, நீங்கள் எழுதியதுபோல் இந்த ஆழி சாக்கடையில் விளைந்தது அல்ல. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிவந்து கொட்டும் நீரில் வந்திருக்கும் என்கிறார்கள். நான் இருக்கும் ஒண்டாரியோவிலும் அப்படித்தான் வரிக்குதிரை மட்டி வந்தது. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டார்கள். நகம் அளவுதான். ஒரு பெட்டை ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும், குஞ்சு கண்ணுக்கே தெரியாது. குடிநீர்க் குழாய்களை அடைத்துவிடுகிறது. இவ்வளவு பணமுள்ள நாட்டாலேயே அதைப் பெரிய ஏரிகளிலிருந்து ஒழிக்க முடியவில்லை. 2022 முதல் படகை நீரை வடிக்காமல் வேறு ஏரிக்குக் கொண்டுபோவது இங்கே குற்றம்.

பொக்லைன் சேற்றையும் சேர்த்து வாரிவிடும். கரையோரம் கொட்டினால் மழைக்குத் திரும்ப ஆற்றுக்கே வரும். நம் பெண்களுக்குக் கூலியும் தடித்த கையுறையும் கொடுங்கள். இறால் கிடக்கும் இடங்களை முதலில் அள்ளட்டும், அள்ளியதை மேட்டில் குழி தோண்டிப் புதைக்கட்டும். ஆழி ஒட்டிக்கொண்டு போகாதபடி, பழவேற்காட்டுப் பக்கம் போகிற வலையும் படகும் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே நீரில் இறங்க வேண்டும்.

பெரியப்பா வெள்ள நிதிக் கணக்கை நான்காவது முறையாகக் கேட்கிறார். நியாயம்தான், பொருளாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதுவரை ஆழி காத்திருக்காது, பெரியப்பா.

“நம் குப்பம் கையேந்துவதா” என்று எழுதினீர்களே அண்ணா, அது என்னைச் சுட்டது. உங்கள் முதல் விமான டிக்கெட்டுக்கு யார் வீட்டு வலை அடகுக்குப் போனது என்பதை அம்மா இன்றுவரை வாய்திறந்து சொன்னதில்லை.

என் பங்கு 300 டாலர். கூலிப் பட்டியலைச் சின்ன அக்கா எழுதுவாள், வாங்குகிறவர்கள் கையெழுத்துடன். சம்மதம் என்று பொருளாளர் எழுதும் அன்றே அனுப்புகிறேன்.