பட்டர்வொர்த்திலிருந்து காடியில் தாய்லாந்து எல்லை: 90 நாள் முடியுமுன் எந்தச் சாவடி நல்லது?

கேள்வி: பாகான்வாசி

வணக்கம். மனைவியின் அத்தை பிரிட்டிஷ் கடப்பிதழில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். விசா இல்லாமல் மலேசியாவில் தங்க அவருக்குக் கிடைத்த 90 நாள் அடுத்த வாரக் கடைசியில் முடிகிறது. குடும்பக் கல்யாணமோ அதற்கு மூன்று வாரம் தள்ளி. புதிதாக 90 நாள் கிடைக்க, காடியில் தாய்லாந்துக்குள் போய்த் திரும்பலாம் என்று யோசனை. புக்கிட் காயு ஹீத்தாம், பாடாங் பெசார், வாங் கெலியான், டுரியான் புருங், இந்த நான்கு எல்லைச் சாவடிகளில் எது சரிப்படும்? காடி என் பெயரில்தான், வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. அத்தைக்கு 68 வயது, நெடுநேரம் நிற்க மாட்டார். ஒரே நாளில் போய் வந்துவிட முடியுமா?

பதில் 1: வடக்குச்சாலை

காடியோடு போவதென்றால் புக்கிட் காயு ஹீத்தாம். பட்டர்வொர்த்திலிருந்து சுமார் 140 கி.மீ., கடைசிவரை நெடுஞ்சாலை. காப்புறுதி எடுக்க, படிவம் தட்டச்சு செய்ய எல்லைக்கு முன்னால் சாங்லூனிலேயே கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் சடாவ், அங்கிருந்து ஹாட்யாய் ஒரு மணி நேரத்துக்குள்.

கிழமை பார்த்துப் போங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. அதனால் வியாழன் மாலையே கூட்டம் தொடங்கி ஞாயிறு இரவுவரை ஓயாது. செவ்வாய் அல்லது புதன் காலை போங்கள். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் என்றால் எந்தக் கிழமையும் உதவாது.

காடிக்கு எடுத்து வைக்க வேண்டியவை: கிரான் (காடியின் பதிவுச் சான்று), கடன் இருப்பதால் வங்கியின் அனுமதிக் கடிதம், உங்கள் லைசென்ஸ், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி, தாய்லாந்துக் குடிநுழைவின் டிஎம் 2, டிஎம் 3 படிவங்கள். டிஎம் 2 காடி விவரம். டிஎம் 3 பயணிகள் பட்டியல், அத்தையின் பெயர் அதில் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். சிலரை கிரான் நகலோடு விட்டுவிடுவார்கள், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். வங்கிக் கடிதம் கேட்ட அன்றே கிடைக்காது, இன்றே விண்ணப்பியுங்கள்.

தாய்லாந்துச் சுங்கத்தில் காடிக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் ஒன்று தருவார்கள். திரும்பும்போது அதை ஒப்படைத்தே ஆக வேண்டும். காடி கெடு தாண்டினால் நாளுக்கு 1,000 பாட், அதிகபட்சம் 10,000 பாட் அபராதம். தாளைக் கொடுக்காமல் வந்துவிட்டால் அவர்கள் கணக்கில் காடி இன்னும் தாய்லாந்தில்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போதுதான் வினை.

பதில் 2: பச்சைமலை

கூட்டம் பிடிக்காது என்றால் டுரியான் புருங் பாருங்கள். குவாலா நெராங் வழியாகப் போக வேண்டும். சாலை சுமார்தான், வரிசை குறைவு. வாங் கெலியான் இன்னும் அமைதி, ஆனால் காக்கி புக்கிட் தாண்டியதும் மலை ஏற்றமும் வளைவும். வயதானவருக்குத் தலை சுற்றும். சாவடியையும் மாலையிலேயே மூடிவிடுவார்கள்.

பதில் 3: எல்லைக்கல்

மேலே சொன்னதில் ஒரு சிக்கல். டுரியான் புருங்கின் மறுபக்கம் பான் பிராகோப், அது நா தாவி மாவட்டம். யாலா, பட்டானி, நராதிவாட் மாநிலங்களோடு சேர்த்து, கலவரப் பகுதியாகப் பேசப்படும் நான்கு சொங்க்லா மாவட்டங்களில் அதுவும் ஒன்று. பிரிட்டன் வெளியுறவு அமைச்சின் பயண எச்சரிக்கை சொங்க்லாவின் தென்பகுதியையும் சேர்த்தே சொல்கிறது. எச்சரிக்கை உள்ள இடத்துக்குப் போனால் அத்தையின் பயணக் காப்புறுதி செல்லாமல் போகலாம். கிளம்புமுன் அந்த எச்சரிக்கைப் பக்கத்தையும் காப்புறுதி விதிகளையும் படித்து, எச்சரிக்கை எந்த இடம்வரை என்று பாருங்கள். சடாவ் வழியாகப் போனாலும் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

பெரிய கேள்வி வேறு. சாப், அதாவது கடப்பிதழ் முத்திரை, வேண்டியது அத்தைக்கு. காடியை எதற்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவு முகப்பும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. மலேசியப் பக்கம், பெர்லிஸிலேயே காடியை நிறுத்திவிட்டு, ஹாட்யாய் ரயிலில் அத்தையோடு ஏறிவிடலாம். வங்கிக் கடிதம், டிஎம் படிவம், சுங்கத் தாள், தாய்லாந்துக் காப்புறுதி எதுவும் வேண்டாம். ஹாட்யாய்க்கு ரயில்கள் குறைவு, நேரத்தை முதலில் பாருங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், ரயிலைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறவிடுகிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்தே கேடிஎம் கொமுட்டர் ரயில் பாடாங் பெசார் போகிறது, காடியே தேவையில்லை என்றும் சொல்லலாம்.

ஒரே நாளில் திரும்புவது: தடை ஒன்றும் இல்லை, ஆனால் நான் சொல்ல மாட்டேன். காலையில் வெளியேறி மதியம் திரும்பினால் இரண்டு பக்கமும் கேள்வி வரும். ஹாட்யாயில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். புதிதாக 90 நாள் கிடைப்பது உரிமை அல்ல, முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. லண்டன் திரும்பும் விமானச் சீட்டு, உங்கள் வீட்டு முகவரி, கல்யாணப் பத்திரிகை மூன்றும் அத்தையின் கைப்பையில் இருக்கட்டும். சீட்டு கல்யாணத்துக்குப் பின் ஒரு வாரத்தில் என்றால் பேச்சே சுருங்கிவிடும்.

நுழைந்த நாளும் கணக்கில் சேரும், அதை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். கடைசி நாளுக்காகக் காத்திராமல் மூன்று நான்கு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

பாகான்வாசி

நன்றி அண்ணே. ரயில் யோசனை தோன்றவே இல்லை. ஆனால் ஹாட்யாயில் சுற்றக் காடி வேண்டும் என்று வீட்டில் அடம். காடியோடு போனால் என் மலேசியக் காப்புறுதி அங்கே செல்லுமா? அத்தைக்கு இணையத்தில் என்னென்ன நிரப்ப வேண்டும்?

பதில் 4: வடக்குச்சாலை

செல்லாது. வழக்கமான மோட்டார் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை மட்டும். தாய்லாந்துக்கு நீட்டிக்க எண்டோர்ஸ்மெண்ட் 101 என்று கேளுங்கள். சாங்லூன் கடையில் விற்கும் கட்டாயக் காப்புறுதி ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்குத்தான், உங்கள் பம்பருக்கு அல்ல. அதையும் வாங்க வேண்டும், இதையும் வைத்திருக்க வேண்டும். வாடகைக் காடி என்றால் பெரும்பாலும் எல்லை தாண்டவே விடமாட்டார்கள்.

இணையத்தில் இரண்டு. போகும்போது டிடிஏசி (தாய்லாந்தின் இணைய வருகை அட்டை), 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாருக்கும், ஆக உங்களுக்கும் சேர்த்து. திரும்பும்போது அத்தைக்கு எம்டிஏசி (மலேசியாவின் இணைய வருகை அட்டை), மலேசியக் கடப்பிதழுக்கு வேண்டாம். இரண்டையும் நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். டிடிஏசியில் தரைவழி என்று தேர்ந்தெடுத்துக் காடி எண்ணைப் போடுங்கள்.

காடியில் வேப் (மின்சிகரெட்) இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், தாய்லாந்தில் சட்டவிரோதம்.

எல்லைக்கல்

அத்தையின் கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சமும் வெற்றுப் பக்கமும் இருக்கிறதா பாருங்கள். மலேசியாவை விட்டு வெளியேறும்போது காடிக்குள் உட்கார்ந்தே கடப்பிதழை நீட்டுவீர்கள். அது திரும்பி வந்ததும் வெளியேறும் சாப் விழுந்திருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை விடுங்கள். அது இல்லாமல் தாய்லாந்து முகப்புக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவுக்குள் திரும்பி வரும்போதும் அப்படியே: 30 நாள் என்று எழுதியிருந்தால் அங்கேயே பணிவாகக் கேட்டு, சீட்டையும் பத்திரிகையையும் காட்டுங்கள். சாங்லூன் வந்து சேர்ந்த பிறகு கேட்க ஆள் இல்லை.