கேஸ் மீட்டர் மாற்ற வருகிறார்களா? புதிதாக வந்தவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

வெளிநாட்டில் குடியேறிய முதல் வருடத்தில் “உங்கள் கேஸ் மீட்டரை மாற்ற வேண்டும், தேதி முடிவு செய்யுங்கள்” என்று ஒரு கடிதம் வந்தால் பலரும் பயந்துவிடுகிறார்கள். நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ, பில் கட்டாமல் விட்டோமோ என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். பழைய மாடல் மீட்டருக்குள் தோல் பை மாதிரி மெல்லிய சவ்வுகள் மாறி மாறி நிரம்பிக் காலியாகித்தான் கேஸ் அளக்கப்படுகிறது. வருடக்கணக்கில் ஓடினால் அது தளர்ந்து அளவு தப்பும், அதனால் குறிப்பிட்ட ஆயுள் முடிந்ததும் மாற்றுகிறார்கள். அவ்வளவுதான்.

கடிதம் உண்மையானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாமல், உங்கள் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கட்டணம் உண்டா இல்லையா என்பதையும் அப்போதே கேட்டு, முடிந்தால் மெயிலில் வாங்கிவிடுங்கள். வாசலில் நின்று ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஏனென்றால் அன்றைக்கு அடுப்போ பாய்லரோ பழுது என்று தெரியவந்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாலும் அவர் பொறுப்பில் வரும்.

வேலை நடக்கும்போது கேஸ் முழுக்க நின்றுவிடும். சமையல், வெந்நீர், ஹீட்டர் மூன்றும் இருக்காது. மீட்டர் மாற்ற பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும், ஆனால் சோதனையில் ஏதாவது தெரிந்தால் இழுக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் காலையிலேயே பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வையுங்கள். மீட்டர் அலமாரி முன்னால் செருப்பு ஸ்டாண்ட், பழைய பெட்டி எல்லாம் குவித்து வைத்திருந்தால் முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

வந்தவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை. முதலில் வால்வை மூடுவார், கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே திரும்பியிருந்தால் மூடியிருக்கிறது, குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது. இதை அன்றே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும். அப்புறம் அழுத்தமானியை மாட்டி உங்கள் வீட்டுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று சில நிமிடம் கவனிப்பார். மீட்டரைக் கழற்றும் முன் இரண்டு பக்கக் குழாயையும் அவர் ஒரு தற்காலிக ஒயரால் இணைக்கக்கூடும், குழாயில் மின்சாரம் கசிந்திருந்தால் பொறி பறக்காமல் இருக்கத்தான் அது. புது வாஷர் போட்டுப் புது மீட்டரை முடுக்கிய பிறகு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவுவார். குமிழி வந்தால் கசிவு. குமிழி வராமல் திரவம் அப்படியே இருந்தால் சரி.

கடைசியில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, அடுப்பையும் பாய்லரையும் அவரே பற்றவைத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் மீட்டர் வெளியே இருந்தாலும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆள் இல்லை என்றால் கேஸைத் திறந்துவிடாமலே போய்விடுவார்கள். ஏதாவது ஒரு சாதனம் ஆபத்து என்று சீட்டு ஒட்டி மூடினால் அவரிடம் சண்டை போடாதீர்கள், அந்தச் சீட்டைப் பிய்த்துவிட்டு நீங்களே பற்றவைக்கவும் வேண்டாம்.

அவர் போன பிறகு கேஸ் வாசனை வந்தால், சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதைப் போட்டோ எடுங்கள். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், மீட்டரின் சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். புது மீட்டரையும் அதே மாதிரி எடுங்கள். பழையது வண்டியில் ஏறிப் போய்விட்டால் அப்புறம் பார்க்க எதுவுமே கிடையாது. என் வீட்டில் மாற்றியபோது கடைசி ரீடிங் 48215. புது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கி, அடுத்த ரீடிங் எடுத்தபோது 37 காட்டியது. மாற்றிய விவரம் கம்பெனியின் கணக்கில் ஏறவே இல்லை, அதனால் மீட்டர் 99999 வரை ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு 51822 யூனிட்டுக்கு பில் போட்டுவிட்டது. அந்தத் தாளைப் பார்த்தபோது கை நடுங்கியது. இரண்டு போட்டோவும் இருந்ததால்தான் வாதாட முடிந்தது, இல்லையென்றால் என் வார்த்தையை யார் நம்புவார்கள்?

இன்னொரு தப்பும் நடக்கும். பழைய மீட்டர் சில இடங்களில் 100 கன அடியை ஒரு யூனிட்டாக வைத்து அளக்கும், புதியது ஒரு கன மீட்டரை ஒரு யூனிட்டாக. 100 கன அடி என்பது சுமார் 2.83 கன மீட்டர். புது மீட்டரையும் பழைய அளவு என்றே கணக்கில் பதிந்துவிட்டால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வரும். மீட்டரின் முகப்பில் எந்த அளவு அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, முதல் பில்லில் அதே அளவு, அதே சீரியல் நம்பர், பழையதன் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பில் கட்டும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போட்டோவோடு எழுதிப் போடுங்கள்.