உதவி: ரெகுலேட்டருக்கு மலிவான பிசிபி கொழும்பில் எங்கே? (அவசரம்)

ஈயக்கம்பி (ஞாயிறு, இரவு 11.08)
வணக்கம். ப்ரீஅம்ப் (அம்ப்ளிபயருக்கு முன் வருகிற ஒலிப் பெருக்கி) ஒன்றுக்கு ரெகுலேட்டர் போர்ட் வேண்டும், அதாவது வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்துகிற சர்க்கியூட்டுக்கான செப்புக்கோட்டுப் பலகை (பிசிபி). நானே கீறி, ஃபெரிக் குளோரைட்டில் (வேண்டாத செம்பைக் கரைக்கிற திரவம்) கழுவி, மூன்று போர்ட் செய்தேன். மூன்றும் போச்சு. மைனஸ் பக்கத்தில் செப்புக் கோடு எரிந்து எழும்பிவிடுகிறது. கைவேலை எனக்குச் சரிவராது போல. அதோடு குளியலறைத் தரையில் மஞ்சள் கறை, அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கொழும்பில் மலிவாக நல்ல போர்ட் யார் அடித்துக் கொடுப்பார்கள்? இரண்டு போதும். அவசரம்.

நூறு_ஹேர்ட்ஸ் (ஞாயிறு, இரவு 11.21)
எத்தனை வோல்ட்? எத்தனை அம்பியர்? எந்த ஐசி? ட்ரான்ஸ்போமர் என்ன? பியூஸ் இருக்கிறதா? படம் எங்கே? டொக்டரிடம் போய் வருத்தம் என்னவென்று சொல்லாமல், எந்தப் பார்மசியில் மருந்து மலிவு என்று கேட்கிறமாதிரி இருக்கிறது.

பழைய_வால்வு (ஞாயிறு, இரவு 11.47)
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தக் காலத்தில் ஒருவருக்கும் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டாலும் ரெகுலேட்டர் ஐசி 317ஆகத்தான் இருக்கும். அது பற்றரி சார்ஜருக்கு. ஒடியோவுக்கு என்ன தேவை என்று வோல்ட்டர் ஜங் என்ற எஞ்சினியர் 1995இலேயே தன் சுப்பர் ரெகுலேட்டர் சர்க்கியூட்டில் காட்டிவிட்டார். முதலில் அதைப் படியுங்கள், போர்ட்டைப் பிறகு பார்க்கலாம்.

குறுக்குத்தெரு (திங்கள், காலை 6.55)
கேட்ட கேள்விக்குப் பதில். இரண்டே இரண்டு போர்ட்டை உள்ளூரில் அடிக்கக் கொடுத்தால் கட்டாது. ஃபிலிம் எடுக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், இருநூறுக்கும் ஒன்றுதான். ஆகவே மூன்று வழி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளஸுக்கு 317, மைனஸுக்கு 337 இரண்டும் போடுகிற வெறும் போர்ட்டோ கிட்டோ சில கடைகளில் இருக்கும். ஞாயிறு போகவேண்டாம், பெரும்பாலும் பூட்டு. இல்லாவிட்டால் அங்கேயே வெரோபோர்ட் (ஓட்டையும் செப்புப் பட்டையும் ஏற்கெனவே உள்ள பலகை) வாங்குங்கள், இந்த அளவு வேலைக்கு அது தாராளம். மூன்றாவது சீனா. ஜேஎல்சிபிசிபி போன்ற இடங்களில் 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கினால் ஐந்து போர்ட் 2 டொலர் என்று போடுவார்கள். அந்த விலையைப் பார்த்து மயங்கவேண்டாம், அனுப்புகிற செலவு போர்ட்டைவிடக் கூட. ஆனால் ஐந்துக்குக் குறைய அடிக்கமாட்டார்கள், அதனால் ஆள் சேர்ந்து போட்டால் கட்டும். நானும் இரண்டு எடுப்பேன். கைகாட்டில் (போர்ட் கீறுகிற மென்பொருள்) கீறத் தெரியுமா?

ஈயக்கம்பி (திங்கள், பகல் 1.12)
வேலையிடத்தில் இருந்து எழுதுகிறேன், படம் பிறகு. 317, 337தான். ட்ரான்ஸ்போமர் 15-0-15, 1 அம்பியர். டயோட் பிரிட்ஜுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் 2200 மைக்ரோ கெப்பாசிட்டர். தேவை பிளஸ் 15, மைனஸ் 15. மேசையில் வைத்துப் பார்த்தால் 15.1ம் 14.9ம் அருமையாக வருகிறது. பெட்டிக்குள் போட்டவுடன் மைனஸ் போய்விடுகிறது. பியூஸ் பிறகு போடலாம் என்று இருந்தேன். பிளஸ் பக்கம் பிரச்சினை இல்லை, அவுட்புட் கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் உப்பியிருக்கிறது, பழைய ரேடியோவில் கழற்றியது. கைகாட் தெரியாது.

நூறு_ஹேர்ட்ஸ் (திங்கள், பகல் 1.30)
பெட்டிக்குள் போட்டவுடன் என்றால் ஏர்த். சென்டர் டெப்பை (ட்ரான்ஸ்போமரின் நடு வயர், அந்த 0) பெட்டியில் இரண்டு இடத்தில் இணைத்திருப்பீர்கள். ஸ்டார் கிரவுண்ட் செய்யுங்கள், கிரவுண்ட் வயர் எல்லாம் ஒரே இடத்தில்.

குறுக்குத்தெரு (திங்கள், பகல் 2.04)
ஏர்த் லூப் என்றால் இரையும், கோடு எரியாது. உங்களுக்கு எல்லாமே ஏர்த். என் கணக்கில் 337 போலி. வெளியே பெயரைச் சுரண்டி மறுபடி அச்சடித்த சாமான் எனக்கும் கிடைத்திருக்கிறது, கடைப்பெயர் வேண்டாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே சில்லு கடுகளவு.

பழைய_வால்வு (திங்கள், மாலை 5.50)
கோடு எரிகிறது என்றால் கோடு மெல்லியது. ஒரு அவுன்ஸ் செம்பு என்பது 35 மைக்ரோன் தடிப்பு. இரண்டு மில்லிமீற்றர் அகலமாவது போட்டீர்களா? கையால் கழுவிய போர்ட்டில் ஓரம் அரித்துப் பாதி அகலம்தான் மிஞ்சும். இதெல்லாம் அரிச்சுவடி. அப்புறம், 317இன் இரைச்சல் அவுட்புட்டின் 0.003 சதவீதம். 15 வோல்ட்டுக்கு 450 மைக்ரோவோல்ட். அதைக் காது கேட்காது என்று இங்கே ஒருவர் சொல்ல வருவார், எனக்குத் தெரியும்.

புகையிரத_ஒலி (திங்கள், மாலை 6.15)
வந்துவிட்டேன். ஐயா, அந்த 450 மைக்ரோவோல்ட் நேரே ஸ்பீக்கருக்கா போகிறது? 5532 மாதிரி ஒரு ஓப்பாம்ப் (ப்ரீஅம்பில் ஒலியைப் பெருக்குகிற ஐசி) சப்ளையில் வருகிற இரைச்சலை 100 டெசிபல் அளவுக்கு அடக்கும். லட்சத்தில் ஒரு பங்கு. 4.5 நனோவோல்ட். கொழும்பு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் போகிற வீட்டில் இருந்து இதைக் கேட்கப்போகிறீர்களா?

பழைய_வால்வு (திங்கள், மாலை 6.31)
அந்த 100 டெசிபல் கீழ் அதிர்வெண்ணில். மேலே போகப்போக இறங்கும். டேட்டாஷீட்டில் முதல் பக்கம் மட்டும் படிப்பவர்களுக்கு அது தெரியவராது.

புகையிரத_ஒலி (திங்கள், மாலை 6.40)
சரி ஐயா, மேலே இறங்கும். ஆனால் 317இல் அட்ஜஸ்ட் காலுக்கு 10 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் ரிப்பிள் (சப்ளையில் மிஞ்சுகிற அலை) அடக்குவது 65இல் இருந்து 80 டெசிபலாகிறது. அதுவும் டேட்டாஷீட்டில்தான், இரண்டாம் பக்கம் தாண்டி.

குறுக்குத்தெரு (திங்கள், மாலை 6.58)
தம்பியின் போர்ட் எரிகிறது, நீங்கள் நனோவோல்ட் எண்ணுகிறீர்கள்.

கொட்டாஞ்சேனை_ரேடியோ (திங்கள், இரவு 9.25)
கடை பூட்டிவிட்டு இப்போதுதான் வாசித்தேன். தம்பி, ஒரு கேள்வி. மேசையில் பார்க்கும்போது ஐசிகள் ஹீற்சிங்கில் (சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) பூட்டியிருந்ததா, தனியாக நின்றதா? பெட்டிக்குள் எப்படிப் பூட்டினீர்கள்? அந்த உப்பிய கெப்பாசிட்டர்தான் எனக்கு உறுத்துகிறது. பழசு என்றால் சும்மா இருக்கிற இடத்தில் உப்பியிருக்கும். மூன்று போர்ட்டிலும் அதே இடத்திலா?

ஈயக்கம்பி (திங்கள், இரவு 10.02)
ஓம், மூன்றிலும் அதே இடம். மேசையில் ஹீற்சிங்க் இல்லை, ஒரு நிமிஷம்தானே. பெட்டிக்குள் இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் முறுக்கினேன். வெள்ளைப் பேஸ்ட் தாராளமாகப் பூசினேன்.

கொட்டாஞ்சேனை_ரேடியோ (திங்கள், இரவு 10.20)
இடையில் மைக்கா, கரண்ட் கடத்தாத அந்த மெல்லிய தகடு, போட்டீர்களா?

ஈயக்கம்பி (திங்கள், இரவு 10.24)
இல்லை. முன்பு 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர்) ஒன்றை மைக்கா இல்லாமலே பெட்டியில் முறுக்கியிருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

கொட்டாஞ்சேனை_ரேடியோ (திங்கள், இரவு 10.51)
அங்கேதான் பிடிபட்டது. 7812இன் முதுகுத் தகடு கிரவுண்ட். பெட்டியில் பட்டாலும் பாதகமில்லை. 317இன் முதுகு அவுட்புட், உங்களுக்கு பிளஸ் 15. 337இன் முதுகு இன்புட். உங்கள் ட்ரான்ஸ்போமர் சுமை இல்லாதபோது 15ஐவிடக் கொஞ்சம் கூடத் தரும், அதை 1.41ஆல் பெருக்குங்கள், டயோட் தின்றது போக 22க்குக் கிட்ட நிற்கும். ஆகவே அந்த இடத்தில் மைனஸ் 22. இரண்டையும் ஒரே அலுமினியத்தில் முறுக்கினால் அலுமினியம் ஒரு வயர். 317இன் அவுட்புட்டைப் பிடித்து மைனஸ் 22க்குக் கட்டிவிட்டீர்கள்.

இனி நடப்பதைப் பாருங்கள். 317க்கு உள்ளே பிளஸ் 22, வெளியே மைனஸ் 22, இடையில் 44 வோல்ட். அது தாங்குவது 40. கொஞ்ச நேரம் சூடாகிச் சமாளிக்கும், பிறகு உள்ளே ஷோர்ட். இரண்டு 2200 மைக்ரோவும் அதற்கூடாக ஒன்றையொன்று காலி செய்யும். நீங்கள் கீறியதில் மெல்லிய கோடு மைனஸ் பக்கம் என்பதால் அது எரிந்தது. பிளஸ் அவுட்புட் கெப்பாசிட்டருக்கு மைனஸ் ஏறித் தலைகீழானது, அதனால் உப்பியது. பழுது பிளஸ் பக்கத்துக்கும் வந்ததுதான், நீங்கள் பார்த்தது மைனஸ்.

செய்ய வேண்டியது: ஒவ்வொன்றுக்கும் கீழே மைக்கா, திருகாணி ஓட்டைக்குள் கொலர் வைத்த பிளாஸ்டிக் வாஷர். மைக்கா மட்டும் போட்டு வாஷரை விட்டால் திருகாணி வழியாக மறுபடி அதே கதைதான். கரண்ட் கொடுக்கமுன் மீற்றரைச் சத்தத்தில் வைத்து முதுகுக்கும் அலுமினியத்துக்கும் தொட்டுப் பாருங்கள், கூவக்கூடாது. காசு செலவழிக்க வேண்டாம், செத்த கொம்பியூட்டர் பவர் சப்ளை ஒன்றில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். முதல் தடவை 230இல் நேரே குத்தாமல் 60 வொற் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பியூஸையும் இன்றைக்கே போடுங்கள். ஓப்பாம்ப் இணைத்திருந்தீர்களா?

ஈயக்கம்பி (திங்கள், இரவு 10.55)
இல்லை, நல்லகாலம்.

நூறு_ஹேர்ட்ஸ் (திங்கள், இரவு 11.03)
ஐயா சொல்வது சரி. ஆனாலும் அந்த சென்டர் டெப்பை ஒருக்கால் பாருங்கள்.

பழைய_வால்வு (செவ்வாய், காலை 7.10)
337இன் முதுகு இன்புட் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால்தான் நான் சொல்லவில்லை. கோட்டின் அகலம் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

புகையிரத_ஒலி (செவ்வாய், காலை 7.32)
எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் தம்பி கேட்டார் ஐயா. மைனஸ் 15 தருகிற 7915இன் முதுகும் இன்புட்தான், அதையும் சொல்லிவைக்கிறேன், யாருக்காவது தெரியாமல் இருந்தால்.

ஈயக்கம்பி (வியாழன், இரவு 8.46)
மைக்காதான். பழைய கொம்பியூட்டர் சப்ளையில் கழற்றினேன். நாலாவது போர்ட்டும் நானே கழுவினேன், இந்தமுறை வெளியே, வாளியில். மீற்றர் கூவவில்லை, இரண்டு பக்கமும் 15. கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு நன்றி. போர்ட் இனி வேண்டாம்.

குறுக்குத்தெரு (வியாழன், இரவு 9.01)
வேண்டாமா? உங்களுக்குக் கைகாட் தெரியாது என்றதால் நேற்று நானே கீறி ஓடர் போட்டுவிட்டேனே. ஐந்து போர்ட். கோடு இரண்டு மில்லிமீற்றர், ஐசி இரண்டும் போர்ட்டின் இரண்டு ஓரத்தில், தனித்தனி ஹீற்சிங்குக்கு. எனக்கு இரண்டு போக மூன்று மிஞ்சும்.

கொட்டாஞ்சேனை_ரேடியோ (வியாழன், இரவு 9.40)
ஒன்றை எடுத்து வையுங்கள், கடைக்கு வேலை இருக்கிறது. தனித்தனியாகப் போட்டது நல்லது. ஆனாலும் மைக்கா வேண்டும், பெட்டி இரும்பு.

புகையிரத_ஒலி (வியாழன், இரவு 9.44)
எனக்கும் ஒன்று. கணக்கை அனுப்புங்கள்.

பழைய_வால்வு (வியாழன், இரவு 11.15)
மிச்சம் ஒன்று இருந்தால் நான் எடுக்கிறேன். ஒடியோவுக்கு இல்லை. பற்றரி சார்ஜருக்கு.