வீடு பெரியதா, பெரிய வீடா? 61 வயதில் அரபி இலக்கணம்

பாமணிக்கரை:
வணக்கம். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வருவாய்த் துறையில் 33 வருஷம் இருந்து, துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் அபுதாபியில் இருக்கிறது. பேரன் நாலாம் வகுப்பு. அங்கே தனியார் பள்ளியிலும் அரபி கட்டாயம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள், தாத்தா சும்மாதானே இருக்கிறார் என்று பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறான்.

மேட்டூர் திறந்த அன்றைக்கு அலிஃப், பா, தா ஆரம்பித்தேன். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் 28 எழுத்தும் கைக்கு வந்துவிட்டது. அதுவரைக்கும் பெருமைதான். அப்புறம்தான் வினை.

போன வாரம் இரண்டு வரி அனுப்பினான். ஒன்று ‘அல்பைத்து கபீருன்’, இன்னொன்று ‘அல்பைத்துல் கபீரு’. பைத் என்றால் வீடு, கபீர் என்றால் பெரிய. இரண்டுக்கும் ‘பெரிய வீடு’ என்று எழுதச் சொன்னேன். முதல் வரிக்குச் சிவப்பு மையில் கோடு. “தாத்தா, தப்புன்னு மிஸ் சொல்லிட்டாங்க” என்றான். சொன்னதைவிட அந்தக் குரல்தான் உறுத்தியது.

அதே வீடு ஓர் இடத்தில் பைத்து, ஓர் இடத்தில் பைத்த, ஓர் இடத்தில் பைத்தி. ஏன்? அகராதியிலும் தோல்விதான். ‘மக்தபா’ என்ற சொல்லை மீம், அதாவது ‘ம’ வரிசையில் அரை மணி நேரம் தேடினேன், இல்லை. அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன். விஷயம் தெரிந்தவர்கள் கைகொடுக்க வேண்டும்.

ஷார்ஜா மளிகை:
சார், 11 வருஷம் இங்கே கடையில் நிற்கிறேன். வாடிக்கையாளர் யாரும் து, த, தி என்று கடைசியை இழுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ‘பைத்’தான், முடிந்தது கதை. ‘இது என்ன’ என்பதற்குப் புத்தகத்தில் ‘மா ஹாதா’ என்று இருப்பது இங்கே ‘ஷூ ஹாதா’. பேரன் மார்க்குக்காகப் படியுங்கள், பேசுவதற்கு இது வேண்டாம்.

அய்யம்பேட்டை ஆலிமா:
மளிகைக்கடை அண்ணன் சொல்வது பேச்சுக்குச் சரி. ஆனால் பிள்ளை பேச்சு வழக்கில் பரீட்சை எழுத முடியாதே. பெண்கள் மதரஸாவில் நஹ்வு, அதாவது அரபி இலக்கணம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

உங்கள் பேரனின் இரண்டு வரிக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. ‘வீடு பெரியது’ என்பது முழு வாக்கியம், ‘பெரிய வீடு’ என்பது வெறும் சொற்றொடர், அதற்கு மேல் ஏதாவது சொன்னால்தான் முடியும். அரபியில் அந்த வேலையை ஆங்கில ‘தி’ மாதிரி சொல்லுக்கு முன்னால் ஒட்டும் ‘அல்’ செய்கிறது. வீட்டுக்கு மட்டும் ‘அல்’ இருந்து ‘கபீருன்’ வெறுமனே நின்றால் ‘வீடு பெரியது’. இரண்டுக்கும் ‘அல்’ இருந்தால் ‘பெரிய வீடு’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ‘இஸ்’ எங்கே என்று தேடித் தவிப்பார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, தமிழிலும் அப்படி ஒரு சொல் கிடையாது.

அடுத்தது அந்த து, த, தி. ‘வீடு’ தனியாக நின்றால் வீடு. ‘இல்’ ஒட்ட வந்தால் ‘வீடில்’ என்கிறோமா? ‘வீட்டில்’ என்று சொல்லே வளைந்து கொடுக்கிறது. அரபியில் ‘உள்ளே’ என்பதற்கான ‘ஃபீ’ முன்னால் வந்து உட்காரும், அதன் பின்னால் வருகிற பெயர் ஜேர், அதாவது கடைசியில் ‘இ’ ஒலிக்குறி வாங்கும். ‘ஃபில் பைத்தி’ என்றால் வீட்டில். ‘ரஅய்துல் பைத்த’ என்றால் வீட்டைப் பார்த்தேன், செயப்படுபொருளுக்கு ஜபர், ‘அ’ ஒலி. எழுவாய் என்றால் பேஷ், ‘உ’ ஒலி, பைத்து. எட்டு வேற்றுமை பிறப்பிலேயே வந்த நமக்கு இந்த மூன்று ஒரு பாரமா?

வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வ. அப்துர் ரஹீம், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பிறமொழி மாணவர்களுக்காக எழுதிய பாடநூலை வாங்குங்கள். முதல் பாடமே ‘ஹாதா பைத்துன்’, இது வீடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். இதயமும் கல்பு, நாயும் கல்பு என்று ஆகிவிடும். அங்கே நாய்க்குக் காஃப், இதயத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் வேறு எழுத்து.

கூத்தாநல்லூர் பாய்:
சார், பக்கத்து ஊர்க்காரர் நீங்கள். மக்தபா மீமில் கிடைக்காது, காஃபில் தேடுங்கள். வேர் க-த-ப, எழுதுதல். கதப என்றால் எழுதினான். காதிப், எழுதுகிறவர். கிதாப், புத்தகம். மக்தூப், எழுதப்பட்டது. மக்தபா, நூலகம். அரபி அகராதி வேரை வைத்து அடுக்கப்பட்டது. முன்னால் இருக்கிற மீம் வெறும் ஒட்டு.

நீங்கள் 33 வருஷம் அரபியில்தான் கோப்பு எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தாசில், மகசூல் இரண்டும் ஒரே வேர், ஹ-ஸ-ல, கிடைப்பது. மகசூல் என்றால் கிடைக்கப்பெற்றது. மக்தூப், மகசூல், ஒரே வார்ப்பு, கவனித்தீர்களா? அதே வார்ப்பில் இன்னொரு சொல் மாமூல். வேர் அமல், செய்தல். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்! காதிப் வார்ப்பில் வாரிசு, ஆஜர். வாரிசுச் சான்றிதழ் எத்தனை எழுதியிருப்பீர்கள்?

கடந்தகால வினைக்கு நஹ்வில் ‘மாளீ’ என்று பெயர். மாஜி மந்திரி என்கிறோமே, அதுதான். ரமளான் ரம்ஜானாக ஆன மாதிரி, மாளீ பாரசீகம், உருது வழியாக வந்து மாஜியாகிவிட்டது.

பாமணிக்கரை:
பாய், மாமூலைச் சொல்லி நல்லா மாட்டிவிட்டீர்கள். நான் வாங்கினதில்லை என்று இங்கே சொன்னாலும் யார் நம்புவார்கள்!

நேற்று அந்த வரியைப் பேரனுக்குத் திருத்திக் கொடுத்தேன். வீடியோவில் சுவரைக் காட்டி “இந்த வீடு சின்னது தாத்தா” என்றான். ‘அல்பைத்து ஸகீருன்’ என்று சொன்னேன், சரி என்று தலையாட்டினான். ஆலிமா அம்மாவுக்கு நன்றி. இன்றைக்கு வேறொரு தலைவலி: வீடுகள் என்பதற்கு ‘புயூத்’ என்று போட்டிருக்கிறது. ‘கள்’ எங்கே போயிற்று?

அய்யம்பேட்டை ஆலிமா:
அது ‘உடைந்த பன்மை’ ஐயா. கடைசியில் ஒட்டாமல் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே மாறும். இதயம் என்கிற கல்பு, குலூப். கிதாப், குதுப். சில வார்ப்புகள் அடிக்கடி வரும், மற்றதெல்லாம் மனப்பாடம்தான். இதில் நான் சுலப வழி எதுவும் கண்டதில்லை.

கூத்தாநல்லூர் பாய்:
இதற்கும் உங்கள் தாலுகா கச்சேரியிலேயே உதாரணம் இருக்கிறது சார். இஸ்மு என்றால் பெயர். பன்மை அஸ்மா, அதற்கும் மேல் ஒரு பன்மை அஸாமீ. பெயர்கள் என்று அர்த்தம். உருதுவில் அது பயிரிடுகிறவனைக் குறிக்கிற சொல்லாகி, அங்கிருந்து நம்மிடம் ‘ஆசாமி’ ஆகிவிட்டது.

பாமணிக்கரை:
அட கடவுளே. ‘யாருய்யா அந்த ஆசாமி, உள்ளே அனுப்பு’ என்று இத்தனை வருஷம் ஒற்றை ஆளைப் பன்மையில் கூப்பிட்டிருக்கிறேன். இருங்கள், பேரனிடமிருந்து அடுத்த படம் வந்துவிட்டது.