வீட்டு வாசலிலேயே மாருதி 800-க்கு ஹெட் கேஸ்கட் மாற்றிய அனுபவம்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தத் தலைவலி இருக்கும். எங்கள் வீட்டு 1998 மாடல் மாருதி 800-லும் அப்படித்தான் தொடங்கியது. கடைசியில் காரணமாக வந்து நின்றது ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவு இல்லாமல் அடைக்கும் மெல்லிய தகடு. அப்பா வாங்கிய வண்டி, கார்புரேட்டர் மாடல். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு படலம்.

புகையையும் படலத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில், ஈரக்காற்றாலேயே மூடியில் அந்தப் படலம் வரும். நான் முதலில் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தேன். முதல் பிளக் வழக்கமான பழுப்பு நிறம். இரண்டும் மூன்றும் புதுசு போலக் கழுவிவிட்டாற்போல் வெளுத்திருந்தன. எரியும் அறைக்குள் தண்ணீர் போய் ஆவியானால் பிளக் இப்படித்தான் சுத்தமாகிவிடும். அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் அதே இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் இறங்கியிருந்தது. ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் தேய்மானமாக இருந்தால் ஆயில் விட்டதும் அளவு ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாக இறங்கினால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

எங்கள் தெருவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கேஸ்கட் போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டே, சரி. ஏன் போச்சு தம்பி?" என்று கேட்டார்.

"ஹீட் ஆகியிருக்கும் அண்ணே."

"ஏன் ஹீட் ஆச்சு? அதைக் கண்டுபிடிக்காம புதுசு போட்டா, அடுத்த வெயிலுக்குள்ள இன்னொன்னு வாங்குவே."

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்தக் கேள்விதான். ஸ்பேனர் பிடிப்பது யாருக்கும் வந்துவிடும்.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எஃப்8பி என்ற மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்ட், அதைச் சுற்ற டைமிங் பெல்ட். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய கேஸ்கட்தான் அந்த வேறுபாட்டைத் தாங்குகிறது. அளவுக்கு மீறி சூடானால் ஹெட் வளைந்து கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகும். அதற்குமேல் எரிந்த வாயு தண்ணீருக்குள்ளும், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் பாடம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் இல்லை என்பேன். பானெட்டைத் திறந்தால் கை போக இடம் இருக்கிறது, கார்புரேட்டர் மாடலில் சென்சார் தொல்லை இல்லை, பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழசுக்குப் புதுப்பேட்டை.

கழற்றும் வேலையை விரிவாக எழுதப் போவதில்லை. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் நேராக இருக்கிற ஹெட்டும் வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்து, முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கேம் புல்லி, கிராங்க் புல்லி, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றிலும் வெள்ளை பெயிண்டால் குறி போட்டேன். ஒவ்வொரு ஹோஸையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொண்டேன். மேனிஃபோல்டோடு சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுகள் துருப்பிடித்திருந்தன. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டதால் உடையாமல் வந்தன. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ஹெட்டைத் தூக்கியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் கேஸ்கட்டின் உலோக வளையம் கருகி, ஒரு நெல்மணி அளவுக்கு அரித்துப்போயிருந்தது. அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது தண்ணீர் ஓடும் வழிகள். உள்ளே செங்காவி நிறச் சேறு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாக ஓடு போலப் பெயர்ந்தது. நாங்கள் இருப்பது சென்னை துரைப்பாக்கம் பக்கம். இங்கே போர் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளைப் படிமம் நிற்கும். வண்டி சூடானபோதெல்லாம் அந்தத் தண்ணீர்தான் ரேடியேட்டருக்குள் போயிருக்கிறது. ரேடியேட்டரை ஹோஸ் வைத்துக் கழுவிப் பார்த்தால் பாதிக் குழாய்களில் தண்ணீர் இறங்கவே இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று எப்போதோ ஒரு பட்டறையில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அதை எடுத்தும் பயனில்லை. எங்கள் வண்டியில் அடைப்பு முற்றும்வரை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்ததும் தெர்மோஸ்டாட் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவதும் இதே ரகம். வழியில் நின்றுவிட்டால் வீடுவரை வர உதவும். அப்படியே விட்டுவிட்டால் மெல்லிய குழாய்களில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி நிதானம் வேண்டிய பகுதி. ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் கேஸ்கட் ரிமூவரும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் துகள் ஆயில் வழியில் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டுத்தான் பிளாக்கைத் தொட்டேன். போல்ட் இறங்கும் குழிகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். திரவம் நசுங்காது. போல்ட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் பிளாக்கையே விரிசல்விடச் செய்யும்.

நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைகிறதா என்று பார்த்தேன். அனுமதி 0.05 மில்லிமீட்டர். நடுவில் அதைவிடத் தடிமனான தகடு தாராளமாக நுழைந்தது. ஆக, லேத் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். முதலில் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொன்னேன். குமிழி வரவில்லை.

"எவ்வளவு எடுக்கணும் சார்?" என்றார் பட்டறைக்காரர்.

"சமமாகிற அளவுக்கு மட்டும் எடுங்கண்ணே, ஒரு நூலிழை கூட அதிகமா வேண்டாம்."

ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கும் இந்த ஃபேஸிங்கில் அதிகமாக எடுத்தால் கம்ப்ரஷன் கூடி எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும், வால்வு டைமிங்கும் சற்று நகரும். எப்படியும் ஹெட் வெளியே இருப்பதால் வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, வால்வு சீல்களைப் புதிதாக மாட்டினேன். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரியும் அறையில் மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட் (காற்றும் புகையும் போகும் துளை) வழியாகக் கசிகிறதா என்று பார்த்தால் வேலை சரியா என்பது தெரிந்துவிடும்.

புது கேஸ்கட்டில் எது மேல்பக்கம் என்று குறி இருக்கும், கவனியுங்கள். மாற்றிப் போட்டால் ஆயில் வழி மூடிக்கொள்ளும். போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக 55 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். "கை அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்பவர்களை நம்பி டார்க் ரெஞ்சை விட்டுவிடாதீர்கள். வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். புது டைமிங் பெல்ட் மாட்டி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்த பிறகுதான் கவரைப் போட்டேன். கடைசியாக வால்வு இடைவெளி சரிபார்த்தேன்.

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்கக் கொடுத்தேன். புது தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி. அந்த மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 0.9 என்று அச்சிட்ட மூடி நல்ல நிலையில் அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் 100-லேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். உள்ளே இப்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாமல் கேனில் மூடி வையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய்கள் நக்கும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் புகை வந்தது, சைலன்சரில் தேங்கிய தண்ணீர் அது. மூடி திறந்தபடி ஓடவிட்டதில் காற்றுக் குமிழிகள் வந்து அடங்கின. மேல் ஹோஸ் சூடானது, ஃபேன் தானாக ஓடி நின்றது, முள் பாதிக்குக் கீழேயே நின்றது. பக்கத்தில் நின்ற அண்ணன் ஹோஸை அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்த ஆயிலை நம்பாதே, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி மாத்திடு" என்றார். அப்படியே மாற்றினேன். தண்ணீர் கலந்த மிச்சம் உள்ளே இருந்தது உண்மைதான். இரண்டாவதாக ஊற்றிய ஆயில் தெளிவாகவே இருக்கிறது, ரேடியேட்டர் மட்டமும் இறங்கவில்லை.

அடுத்து நண்பரின் ஆம்னி வரிசையில் நிற்கிறது. அதே 796 சிசி எஞ்சின்தான், ஆனால் முன்சீட்டுக்கு அடியில். ஹெட்டை அங்கிருந்தே மேலே தூக்கிவிடலாமா, இல்லை எஞ்சினையே கீழே இறக்குவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக, டார்க் ரெஞ்ச் திரும்ப அங்கே இடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.